நாலாவது மாடியில் ஒரு டப்பா

"வணக்கம் சார்! உங்க வயிறு உங்க பேச்சைக் கேக்குதா? முட்டி சொன்னபடி மடங்குதா?"

ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு வந்துவிடக் கூடாது. பதற்றம் வந்தால் அவளுக்குக் கூடவே சிரிப்பும் வந்துவிடும், பிறவிக் கோளாறு. காலையிலிருந்து பதினோரு வீடு ஏறி இறங்கியாயிற்று. அதில் மூன்று வீட்டில், பாதிப் பேச்சில் குபீரென்று சிரித்து வைக்க, பட்டென்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

மூன்று நாள் சோதனை வேலையில் இன்றுதான் கடைசி நாள். ஆறு மணிக்குள் ஒரு டப்பாவாவது விற்காவிட்டால் பையை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று மேலாளர் கறாராகச் சொல்லியிருந்தார். இப்போது மணி ஐந்தே கால்.

நாலாவது மாடியில் இந்த வீட்டுக் கதவு மட்டும் விரியத் திறந்திருந்தது. கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, முன்வழுக்கைக்காரர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்து வலது முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளறையில் ஒரு பெண் போனில் யாரையோ விளாசிக்கொண்டிருந்தாள்.

"அது வந்தும்மா, நான்..." என்று அவர் எழப் பார்த்தார்.

"எழுந்திருக்காதீங்க சார்! முட்டி வலிதானே? பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"நாலு மாடி ஏறினா யாருக்குத்தான் வலிக்காது?"

"லிப்ட் கிடையாதா சார்?"

"எனக்குன்னு வாய்க்கிற கட்டடம் எதுலயுமே லிப்ட் இருக்கிறதில்லைம்மா" என்று பெருமூச்சு விட்டார்.

இதைவிட நல்ல ஆள் கிடைப்பாரா? உள்ளே நுழைந்து, அவர் எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பையைத் திறந்த வேகத்தில் நாலு டப்பா உருண்டு சோபாவுக்கு அடியில் ஓடியது. அவரே குனிந்து பொறுக்கிக் கொடுத்தார். அதில் ஒன்றின் மேல் ஒட்டியிருந்த சீட்டை எழுத்து விடாமல் படித்தார்.

"என்ன இது?"

"அன்னாசிப் பழத்துலேர்ந்து எடுக்கிற என்சைம் மாத்திரை சார். பருப்பு, முட்டை, கறியெல்லாம் செரிக்க உதவும், முட்டி வலிக்கும் போடறாங்க. அன்னாசியை நிறையத் தின்னா நாக்கு எரியுமில்ல? அதுக்குக் காரணமும் இதுதான்."

"அப்படின்னா அது நம்ம நாக்கையே செரிக்கப் பார்க்குதா?"

அவ்வளவுதான். அடக்கி வைத்திருந்ததெல்லாம் பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. "ஆமா சார்! நாம அதைத் திங்கறப்போ, அது நம்மளைத் திங்குது!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போச்சு, பன்னிரண்டாவது கதவும் சாத்தப்போகிறது என்று நிமிர்ந்து பார்த்தால், அவரும் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சிரித்து முடித்து அவர் முன்னால் குனிந்தார். "சரி, ஏழே நாள்ல முட்டி வலி பறந்து போயிடுமா?"

'ஆமாம்' என்ற ஒரு சொல் அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் டப்பா விற்றுவிடும்.

"தெரியாது சார்" என்றாள். "சிலபேர் கொஞ்சம் சுகமா இருக்குங்கறாங்க. சிலபேர் ஒண்ணும் தெரியலைங்கறாங்க. வலி ரொம்ப இருந்தா டாக்டர்கிட்ட போங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவங்க, டாக்டரைக் கேக்காம இதைத் தொடவே கூடாது."

"எங்கம்மா அந்த மாத்திரைதான் போடறாங்க."

"அப்போ அவங்களுக்குக் குடுத்துடாதீங்க!"

"என்னம்மா, விக்க வந்துட்டு வேணாங்கறே?"

"அதான் சார், எனக்கே சிரிப்பா வருது. ஆறு மணிக்குள்ள ஒண்ணாவது விக்கலேன்னா என் வேலை போயிடும். நான் என்னடான்னா வாங்க வர்றவங்களை விரட்டிக்கிட்டிருக்கேன்."

"உங்க மேலாளர் இப்படித்தான் பேசச் சொன்னாரா?"

"இல்லையே! ஏழே நாள்ல பறந்துடும்னுதான் சொல்லச் சொன்னார். நாளைக்கு வலி போகாதவங்க என்னைத் துரத்திக்கிட்டு வந்தா? எனக்கு ஓடத் தெரியும் சார். பாவம், முட்டி வலிக்காரங்களால துரத்த முடியாதே!"

அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்து நீட்டினார்.

"ஒரு டப்பா குடும்மா. எனக்குத்தான்."

"பரிதாபப்பட்டு வாங்கறீங்களா சார்?"

"இல்லை. முட்டி நிஜமாவே வலிக்குது. அதோட, இன்னிக்குக் காலையிலேர்ந்து மாத்திரையைப் பத்தி உண்மை பேசின ஆளு நீ ஒருத்திதான்."

அவள் ரசீதுப் புத்தகத்தை எடுத்தாள். தன் பெயரையே இரண்டு முறை தப்பாக எழுதினாள். டப்பாவை அவர் கையில் வைத்ததும் நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தாள்.

அந்த நேரம் பார்த்து, போனும் கையுமாக உள்ளே இருந்து வந்தாள் அந்த அம்மாள்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. எங்கக்கா போனைப் பிடிச்சா லேசுல வைக்க மாட்டா. ஆமா, இது யாரு, உங்ககூட வந்த பொண்ணா? சரி சரி, நீங்க விக்க வந்த பப்பாளி மாத்திரையை எடுங்க, பார்க்கலாம்."

அசட்டுச் சிரிப்போடு அவர் நாற்காலிக்கு அடியிலிருந்து இழுத்த பையில், ஒரு டப்பாகூடக் குறைந்திருக்கவில்லை.