கணவரே மொழிபெயர்ப்பாளர்

"மேடம், என்னைப் பார்த்துக் கேளுங்க. அவளுக்குக் காது கேக்காது, பேச்சும் வராது."

"தெரியும் சார். ஆனா கேள்வி அவங்களுக்குத்தானே? அவங்க முகத்தைப் பார்த்துதான் கேக்கணும், அதுதான் எங்க முறை" என்றார் ஆய்வாளர்.

மெக்கானிக் தன் நாற்காலியை மனைவிக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டான். பட்டறையில் பாதி வேலையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்திருந்தான். நகக்கண்ணில் இருந்த கிரீஸ்கூடப் போகவில்லை.

காது கேளாத பெண்கள் பிரசவத்துக்குப் போனால் ஆஸ்பத்திரியில் என்ன பாடு படுகிறார்கள் என்பதுதான் ஆய்வு. பிரசவ வார்டுகளில் சைகை மொழி தெரிந்த ஒருவரை நியமிக்கச் சொல்லி அரசாங்கத்திடம் அறிக்கை கொடுக்கப் போகிறார்கள். ஆனால் அந்த ஆய்வுக்கே அப்படி ஒருவரை அழைத்துவர நிதி ஒதுக்கவில்லை. இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்வது? ஆகவே கணவனே மொழிபெயர்ப்பாளர்.

"சைகையெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"இவகிட்டதான். கல்யாணமான புதுசுல தப்புத் தப்பா காட்டுவேன், விழுந்து விழுந்து சிரிப்பா. சண்டைன்னு வந்தா மட்டும் கண்ணை மூடிக்குவா, மேடம். அப்புறம் நான் யார்கிட்ட சண்டை போடுறது?"

சொன்னதை மனைவிக்கும் கையால் காட்டினான். அவள் வெட்கப்பட்டு அவன் தோளில் ஒன்று வைத்தாள்.

ஆய்வாளர் அவளைப் பார்த்துக் கேட்டார். "வார்டுக்குள்ள உங்களுக்குத் துணையா யாராவது இருந்தாங்களா?"

இருவர் கைகளும் மாறி மாறி அசைந்தன.

"ஆம்பளை உள்ள வரக்கூடாதுன்னு என்னை வெளியவே நிறுத்திட்டாங்க. இவ வயித்தைத் தொட்டுத் தொட்டு, குழந்தை அசையலைன்னு காட்டியிருக்கா. வலியில கையை ஆட்டுறான்னு நினைச்சு, நர்ஸம்மா ரெண்டு கையையும் கட்டில்ல சேர்த்து அமுக்கிப் பிடிச்சிட்டாங்களாம்."

அடுத்த கேள்வியைக் கேட்க ஆய்வாளருக்கு மனமே இல்லை.

"குழந்தை இறந்துடுச்சுன்னு உங்ககிட்ட யார் சொன்னாங்க?"

மெக்கானிக்கின் கைகள் பாதியில் நின்றன. பிறகு ஏதோ கேட்டன. அவள் முகம் மலர்ந்து, விரல்களை மடக்கி நீட்டி நெடுநேரம் பதில் சொன்னாள்.

"டாக்டர்தான் சொன்னாராம்."

"அதைச் சொல்லவா இப்படிச் சிரிக்கிறாங்க? உண்மையில நீங்க என்ன கேட்டீங்க?"

"அவளைப் பார்க்காதீங்க மேடம். பேப்பரைப் பாருங்க." அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, குரல் மட்டும் கம்மியது. "பாப்பாவுக்கு என்ன பேர் வைக்கலாம்னு கேட்டேன். குழந்தை போனது அவளுக்குத் தெரியாது."

"என்ன சார் சொல்றீங்க?"

"மயக்கம் தெளிஞ்சதும் பாப்பா எங்கன்னு கேட்டா. எனக்குக் கை வரல. குறைமாசக் குழந்தை, பெரிய ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டியில இருக்கு, யாரையும் விட மாட்டாங்கன்னுட்டேன். ரெண்டு மாசமா தினமும் வாசல்லயே நின்னு கேக்குறா. நானும் தினமும் ஒண்ணு சொல்றேன். கண்ணு முழிச்சுதுன்னேன். என் விரலைப் பிடிச்சுதுன்னேன். நேத்து சிரிச்சுதுன்னு சொன்னேன் மேடம்."

"எவ்வளவு நாளைக்கு இப்படி?"

"தெரியல. உண்மையைச் சொன்னா உயிரை விட்டுடுவா. அவ இல்லாம நான் என்ன பண்ணுவேன்?"

ஆய்வாளர் பேனாவை மூடினார். "மன்னிச்சிடுங்க சார். எல்லாம் தெரிஞ்சு, அவங்களே சம்மதிச்சாதான் இதை நான் எடுத்துட்டுப் போக முடியும். அவங்களுக்குப் பதிலா நீங்க சம்மதிச்சா செல்லாது."

"எடுத்துட்டுப் போகலைன்னா, நாளைக்கு இன்னொரு பொண்ணு கையையும் இப்படித்தானே அமுக்குவாங்க!"

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி பார்த்துவிடுவாளோ என்ற பயத்தில், "தண்ணி கொண்டு வரேன்" என்று சமையலறைக்குள் போய்விட்டான். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அவன் விம்முவது கூடத்தில் நன்றாகவே கேட்டது, அவளுக்குத்தான் கேட்கவில்லை.

ஆய்வாளர் தாள்களைப் பைக்குள் வைக்கப் போனார். அவற்றின் மேல் அவள் கை வந்து விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

இரண்டு கைகளையும் சேர்த்து மார்போடு தொட்டில்போல் ஏந்தி, ஒரே ஒரு தரம் ஆட்டினாள். பிறகு மெல்லப் பிரித்து, வெறும் உள்ளங்கைகளைக் காட்டி, இல்லை என்று தலையை அசைத்தாள். அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. ஆய்வாளர் திகைத்து நிற்கும்போதே சம்மதத் தாளை உருவிக் கையெழுத்துப் போட்டாள். சமையலறைப் பக்கம் விரலைக் காட்டி, நெஞ்சைத் தொட்டு, அவனிடம் சொல்லிவிடாதீர்கள் என்று உதட்டின் மேல் விரலை வைத்துக் கெஞ்சினாள்.

முகம் கழுவிக்கொண்டு, தண்ணீர்ச் செம்போடு அவன் வந்தான். அவனைக் கண்டதும் அவள் முகமெல்லாம் சிரிப்பாகி, ஆவலோடு கைகளை அசைத்தாள்.

மெக்கானிக் மொழிபெயர்த்தான். "பாப்பா இன்னிக்கும் சிரிச்சுதான்னு கேக்குறா, மேடம்."