வாயைக் கட்டிய வெள்ளைக்காரன்

வெள்ளைக்காரனை முதலில் பார்த்தது மாப்பிள்ளைதான்.

"மாமா, மூணாவது வரிசையப் பாருங்க. எவனோ ஒரு ஃபாரின்காரன் நம்மாளுகளோட உக்காந்திருக்கான்."

கருத்தக்கண்ணன் திரும்பிப் பார்த்தார். உண்மைதான். தல்லாகுளத்தில் மாநகராட்சி அலுவலக வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கோச்சடை ஜனங்களுக்கு நடுவே, வெயிலில் சிவந்த கழுத்தோடு ஒரு வெள்ளைக்காரன். எல்லாரையும் போல வாயில் கறுப்புத் துணி கட்டியிருந்தான். மற்றவர்கள் டீக்கும் பேச்சுக்கும் துணியை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருக்க, அவன் மட்டும் கட்டினது கட்டினபடி இருந்தான்.

போராட்டத்தைக் கூட்டிய கருத்தக்கண்ணனுக்கு உச்சி குளிர்ந்துபோனது. தொண்ணூற்றாறு தேர்தல் முடியும்வரை குழாயில் தண்ணீர் வந்தது. ஓட்டுப் போட்ட மை அழிவதற்குள் நின்றுவிட்டது. 'மை இருக்கு, தண்ணி எங்கே?' என்று அட்டையில் எழுதிப் பிடித்திருந்தார்கள். பத்திரிகைக்காரர் கேமராவைத் தூக்கியதும் எல்லாரும் விரலை நீட்டினார்கள். வெள்ளைக்காரனும் நீட்டினான்.

"நாளைக்குப் பேப்பர்ல நம்மதான் மொதப் பக்கம், மாப்ள!"

மாப்பிள்ளை முத்துக்குமரன் கருத்தக்கண்ணனுக்கு ஒன்றுவிட்ட அக்கா மகன். சிங்கப்பூரில் வேலை. அன்று சாயங்காலம் அவருக்கும் கருத்தக்கண்ணன் மகள் தாமரைச்செல்விக்கும் நிச்சயதார்த்தம். வரப்போகும் மாமனாரிடம் நல்ல பேர் வாங்க, தானும் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். ஓட்டுப் போட்ட அன்று ஊரில் இல்லாததால் விரல் வெறுமையாக இருந்தது. மாமனாரே பேனா மையைத் தொட்டுப் பூசிவிட்டார்.

சந்தோஷம் ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. எஸ்.ஐ. மலைச்சாமி வந்து கருத்தக்கண்ணனை ஓரமாகக் கூப்பிட்டார்.

"வழக்கம்போல வேன்ல ஏத்தி, மண்டபத்துல ஒக்கார வச்சு, சோத்தப் போட்டு, சாயங்காலம் விட்டுறலாம்னுதாண்ணே இருந்தேன். இது யாரு புதுசா? வெளிநாட்டுக்காரன் நம்மூர்ப் போராட்டத்துல கலந்துக்கக் கூடாது. அவனுக்கு விசா போயிரும். கூட்டியாந்ததுக்கு ஒங்க மேல தனிக் கேஸு. இன்னைக்கு வீட்டுக்குப் போக முடியாது."

"சார், சாயங்காலம் எம் மகளுக்கு நிச்சயம் சார்!"

"அப்ப அந்தாள மொதல்ல எந்திரிக்கச் சொல்லுங்க. இந்தா வேன் வந்துரும்."

பெண்ணைப் பெற்றவன் லாக்கப்பில் இருந்தால் தட்டு மாற்றுவது யார்? 'இன்னைக்குன்னு பாத்துத்தான் ஒமக்குத் தண்ணி தவிக்குதாக்கும்?' என்று மனைவி ரெங்கம்மாள் காலையிலேயே கேட்டாள். கேட்டிருக்கலாம் அவள் பேச்சை.

"விடுங்க மாமா, நான் பேசுறேன்" என்று மாப்பிள்ளை எழுந்து போய் இங்கிலீஷில் வெளுத்து வாங்கினார். வெள்ளைக்காரன் வாய்த் துணியைத் தொட்டுக் காட்டி, முடியாது என்று தலையை ஆட்டினான்.

மாப்பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. "பாத்தீங்களா மாமா திமிர? விருந்தாளியா வந்தா கோயிலப் பாத்தமா, போட்டோ எடுத்தமான்னு போகணும். அடுத்த நாட்டு அரசியல்ல இவனுக்கு என்ன வேலை? இவுங்க ஊருல போயி நம்ம இப்பிடி ஒக்கார முடியுமா?"

காலிக் குடத்தை மடியில் வைத்திருந்த செல்லத்தாய்க்குப் பொறுக்கவில்லை. "எந்த ஊருக்காரரா இருந்தா என்னப்பா? நம்ம தவிச்சுக் கெடக்கோம், பாவம்னு வந்து ஒக்காந்திருக்காரு. அது ஒரு குத்தமா?"

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்லக்கா!" என்றார் மாப்பிள்ளை.

தெருமுனையில் வேன் திரும்பியது. கருத்தக்கண்ணன் கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, வெள்ளைக்காரன் முன்னால் கைகூப்பிக் குந்தினார்.

"சார்... மை டாட்டர்... டுடே மேரேஜ் பேச்சு... யூ சிட், ஐ ஜெயில். ப்ளீஸ் சார்."

வெள்ளைக்காரன் மெதுவாக வாய்த் துணியை அவிழ்த்தான்.

"பொண்ணுக்கு நிச்சயமா? அட, இதத் தமிழ்லயே சொல்லக் கூடாதாண்ணே?"

கூட்டம் வாயைப் பிளந்தது.

"நமக்கு நாகமலைப் புதுக்கோட்டை. வீட்டுக்காரி செல்லூர்க்காரி. இந்தியக் குடிமகனாகி எம்புட்டோ வருசமாச்சு. எங்க வீட்டுக் கொழாய்லயும் காத்துதான் வருது. நீங்க ஒக்காந்திருக்கிறத பஸ்ஸுல போகையில பாத்தேன், எறங்கி வந்துட்டேன். நானும் ஓட்டுப் போட்டவன்தான், இந்தா பாருங்க."

மலைச்சாமி அந்த விரலைப் பிடித்து நகத்தை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். அசல் மை, அசையவில்லை. "தப்பா நெனச்சுக்காதீங்க சார்" என்று சல்யூட் அடிக்காத குறையாகச் சொன்னார்.

கருத்தக்கண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஏறுங்கப்பா எல்லாரும் வேன்ல! மண்டபத்துல சாப்பாடு ஆறிறப் போகுது!"

மலைச்சாமிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "தம்பி, ஒங்க மையும் அசல்தானே?" என்று விளையாட்டாக மாப்பிள்ளையின் விரலைப் பிடித்துத் தேய்த்தார். மை அவர் கட்டைவிரலில் வந்து ஒட்டிக்கொண்டது.

"என்னண்ணே இது?"

கருத்தக்கண்ணன் அசடு வழிந்தார். "ஒண்ணுமில்ல சார். ஓட்டன்னைக்கு மாப்ள ஊர்ல இல்ல, அதான் நானே பேனா மையத் தடவிவிட்டேன். இருந்திருந்தா மொத ஓட்டு அவருதுதான். சொல்லுங்க மாப்ள!"

மாப்பிள்ளைக்கு முகம் வேர்த்திருந்தது. கையில் இருந்த கறுப்புத் துணியாலேயே துடைத்துக்கொண்டு, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"நான் சிங்கப்பூர் சிட்டிசன், மாமா."