அடிப்பூச்சு

நிரஞ்சனாவின் கன்னத்தில் ஃபவுண்டேஷன் இன்றும் உட்காரவில்லை. ரப்பரால் அழித்த துகள்போல உருண்டு உருண்டு உதிர்ந்தது. கல்யாணமாகி மூன்று மாதத்தில் இது நான்காவது பாட்டில்.

“சும்மா மாத்தி மாத்தி வாங்கி காசைக் கரியாக்காதீங்கக்கா,” என்றாள் அழகுசாதனக் கடையில் இருந்த பெனிட்டா. “அடியில ஏதோ க்ரீம் போட்டிருக்கீங்க. அது காயாம மேல எதைப் போட்டாலும் நிக்காது.”

“நான் ஒண்ணுமே போடலையேம்மா.”

உண்மைதான். சோப்புப் போட்டுக் கழுவிய முகம். கிளம்பும்போது கணவர் சிவகுரு வழக்கம்போல இரண்டு கன்னங்களையும் தடவிக்கொடுத்து, “போயிட்டு வா” என்றார். அவர் கை எப்போதுமே ஜில்லென்றிருக்கும்.

பெனிட்டா அவள் கன்னத்தைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்துச் சிரித்தாள். “ரோஸ் வாசம் வருதே!”

அந்த வாசனை நிரஞ்சனாவுக்குத் தெரியும். இறந்துபோன முதல் மனைவி மாலினியின் க்ரீம் டப்பா இன்னும் கண்ணாடி மேஜையில்தான் இருக்கிறது. “அது மட்டும் அங்கயே இருக்கட்டும்,” என்று வந்த அன்றே சிவகுரு சொல்லியிருந்தார். ஒரே ஒருமுறை திறந்து முகர்ந்திருக்கிறாள். உள்ளே மாலினியின் விரல் தோண்டிய சின்னக் குழி அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முகத்தை மூன்று முறை கழுவினாள். பிறகு டப்பாவைத் திறந்தாள். அந்தச் சின்னக் குழியைத் தொடாமல், அதைச் சுற்றிலும் அகலமான கட்டைவிரல் தடங்கள்.

“அதுக்குள்ள ஏன் மூஞ்சி கழுவுன?” என்றார் சிவகுரு பின்னாலிருந்து, மிகவும் பிரியமாக.