துரைக்கு ஒரு கதிரை

“பெட்டியள் ஆறையும் இப்பவே தூக்குங்கோ நானா. பதினொரு மணிக்குத் துரை வந்திடுவார்.”

மேபல் ரீச்சர் இப்படிச் சொன்னபோது மணி பத்து. ஷிப்லி நானா பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். மூன்று வருடங்களாக அவருடைய தேனீப் பெட்டிகள் பாமன்கடையில் ரீச்சரின் தோட்டத்து ஜம்பு மரத்தடியில்தான் இருக்கின்றன. வாடகை என்று ரீச்சர் எதுவும் கேட்டதில்லை. பூசணியும் பாகலும் முன்னையைவிட நன்றாகக் காய்க்கின்றன, அது போதும் என்றுவிட்டார்.

வெள்ளைக்காரத் துரை வருவது விருந்துண்ண அல்ல. போன சித்திரையில் யப்பான்காரன் குண்டு போட்டுவிட்டுப் போனதிலிருந்து, பட்டாளத்துக்குக் கூடாரம் அடிக்க இடம் தேடி, கண்ணில் பட்ட காணியையெல்லாம் அரசாங்கத்தார் அளந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரீச்சரின் ஒன்றரை ஏக்கரும் அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது. காணி போனால் ரீச்சரின் பிழைப்புப் போகும். ஷிப்லிக்குப் பெட்டி வைக்க இடம் போகும். வெள்ளவத்தை ஒழுங்கையில் அவர் குடியிருந்த வீட்டிலோ செருப்பைக் கழற்றி வைக்கவே இடமில்லை.

“பகல்ல தூக்க ஏலா ரீச்சர்,” என்றார் ஷிப்லி. “முக்காவாசிப் பூச்சி மேயப் போயிருக்கு. திரும்பி வந்தா, பெட்டி எங்க போச்செண்டு அதுக்குத் தெரியாது. பழைய எடத்துலயேதான் வந்து சுத்தும்.”

“எனக்குப் படிப்பிக்க வராதேங்கோ நானா.”

ஷிப்லி துணி தேடப் போனார். கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பிள்ளைகளை ஆட்டிப்படைத்த மனுஷி அவர். இடம் கேட்டு வந்த முதல் நாள், தேனீக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது, எப்போது கோபம் வரும் என்றெல்லாம் ஷிப்லி ஒரு மணி நேரம் விளக்கினார். ரீச்சர் கையில் இருந்த பின்னல் வேலையிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. அதற்குப் பிறகு ஷிப்லி எதையும் விளக்கப் போனது இன்றைக்குத்தான்.

பெட்டிகளின் வாயைத் துணியால் அடைத்து, ஒவ்வொன்றாகச் சுமந்துகொண்டு போய்ப் பின்பக்கம், வாய்க்காலோரத்து வாழைகளுக்கு அப்பால் வைத்தார். வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தால், ரீச்சர் மேசையை இழுத்துக்கொண்டு அலைகிறார். முதலில் விறாந்தை, அங்கே வெக்கையாம். பிறகு கிணற்றடி, அங்கே சேறாம். கடைசியில் ஜம்பு மரத்தடியில், பெட்டிகள் இருந்த அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். நிழல் அங்கேதான் நல்லதாம்.

ஷிப்லிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதிரையையாவது பத்தடி தள்ளிப் போடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார். ரீச்சர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். வெள்ளை விரிப்பு விரித்து, நல்ல கோப்பைகளை எடுத்து வைத்து, ஷிப்லி கொடுத்த தேன் ஊற்றிச் செய்த கேக்கையும் வெட்டி வைத்தார். துரை உட்காரப் போகும் கதிரையை மட்டும் இப்படி ஒரு சாண், அப்படி ஒரு சாண் என்று நகர்த்திக்கொண்டே இருந்தார். காணியைப் பறிக்க வருகிறவனுக்கு இவ்வளவு மரியாதையா என்று ஷிப்லிக்கு எரிச்சலாக வந்தது.

மேயப் போன பூச்சிகள் ஒன்றும் இரண்டுமாகத் திரும்பத் தொடங்கின. ஷிப்லி அண்ணாந்து பார்ப்பதும் வாசல் படலையைப் பார்ப்பதுமாகத் தவித்தார்.

மோட்டார் வண்டி வந்து நின்றது. துரையும், கிளறன்ஸ் என்ற கிளாக்கரும் இறங்கினார்கள். துரை தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். தரை மட்டம், பக்கத்தில் தண்ணீர், வாசலில் றோட்டு. அவர் திருப்தியாகத் தலையாட்டியதைப் பார்த்ததும் ஷிப்லிக்கு மிச்சமிருந்த நம்பிக்கையும் போய்விட்டது.

ரீச்சர் துரையைக் கதிரையில் உட்காரவைத்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, சீனி எடுத்துவருவதாக உள்ளே போனார். போனவரைக் காணவில்லை.

முதல் பூச்சி கேக்கில் இறங்கியது. அடுத்தது துரையின் காதைச் சுற்றியது. அதற்குள் ஒரு கூட்டமே தலைக்கு மேல் வட்டமிட்டது. அசையாமல் இருக்கும்படி ஷிப்லி கையால் சாடை காட்டினார். துரை தொப்பியைக் கழற்றி விசிறி அடித்தார்.

தேன்பூச்சியிடம் செய்யக்கூடாத காரியம் அது ஒன்றுதான். கோப்பை ஒரு பக்கம், கதிரை ஒரு பக்கம். துரை மோட்டாரை நோக்கி ஓடினார். கிளறன்ஸ் அவருக்கும் முன்னால் ஓடினார்.

கதவைச் சாத்திக்கொண்ட பிறகு, வீங்கிய ஒரு கண்ணோடு கிளறன்ஸ் எட்டிப் பார்த்துச் சொன்னார்: “இந்தக் காணி சரிவராதெண்டு துரை எழுதுவார். ஆனா திங்கக்கிழமை பெரிய துரை நேர வந்து பார்ப்பார். அவர் சொல்றதுதான் முடிவு.”

மோட்டார் பறந்தது. தன் பூச்சிகளால் வந்த வினை என்று ரீச்சர் இப்போது வெடிக்கப் போகிறார் என்று பயந்தபடியே, ஷிப்லி விழுந்து கிடந்த கதிரையை நிமிர்த்தி அதே இடத்தில் வைத்தார். வைத்தவர் அப்படியே குனிந்து பார்த்தார். பெரிய பெட்டியின் கால்கள் மூன்று வருடமாகத் தோண்டியிருந்த நாலு குழிகளும் அந்தக் கதிரைக்கு நேர் கீழே, அளந்து வைத்தாற்போல் நடுவில் இருந்தன.

ரீச்சர் சீனிப் போத்தலோடு ஆற அமர வெளியே வந்தார்.

“பொழுதுபடப் பூச்சியெல்லாம் அடைஞ்ச பிறகு, பெட்டியளைப் பழைய இடத்திலயே கொண்டுவந்து வையுங்கோ நானா,” என்றார். “திங்கக்கிழமை பத்து மணிக்குத் திரும்பத் தூக்கோணும்.”