இருவாச்சியின் கிளை

சிறுத்தை வந்தால் தன் கிளையிலிருந்து மான்களுக்குக் குரல் கொடுப்பது இருவாச்சிப் பறவையின் வேலை. முட்டையிடும் காலம் வந்ததும், தன் இனத்து வழக்கப்படி, அது மரப்பொந்துக்குள் போய் வாசலைப் பூசி அடைத்துக்கொண்டது. குஞ்சு ஓரளவு வளர்ந்த பிறகுதான் வெளியே வந்தது.

அடைகாக்கப் போன பறவையின் கிளையில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்பது அந்தக் காட்டின் சட்டம். யாரும் உட்காரவில்லை. கிளை அப்படியே காலியாக இருந்தது.

இருவாச்சி கிளைக்குத் திரும்பிய அன்றைக்கே புதருக்குள் சிறுத்தை அசைந்தது. இருவாச்சி கத்தியது. மான்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. பக்கத்து மரத்துக் கரிச்சான் குருவி கத்திய பிறகுதான் ஓடின.

ஒருவேளை நாம்தான் மெதுவாகக் கத்திவிட்டோமோ என்று இருவாச்சிக்குச் சந்தேகம். மான் கூட்டத்துத் தலைவரிடம் போய்க் கேட்டது.

"என் குரல் கேட்கலையா ஐயா?"

"நல்லாவே கேட்டுதும்மா. ஆனா நீ பிள்ளைக்காரி, கவனம் அங்கேயும் இங்கேயுமா இருக்கும். அதான் கரிச்சானை வெச்சுக்கிட்டோம்."

"அப்போ என் வேலை?"

"உன் கிளையில யாராவது உட்கார்ந்தாங்களா?"

"இல்லை."

"அப்புறம் என்னம்மா குறை?"

இருவாச்சி திரும்பி வந்து கிளையைக் குனிந்து பார்த்தது. அதே கிளைதான்.

பொந்திலிருந்து குஞ்சு கேட்டது: "அம்மா, சிறுத்தை வருதுன்னு கத்தினியே, யார்கிட்ட சொன்னே?"