சோபா போன வழி

கண் டாக்டரிடம் போய்விட்டு வந்த மாமியார் ஹால் வாசலிலேயே நின்றுவிட்டாள். சோபாவைக் காணோம்.

"இங்க இருந்த சோபா எங்கம்மா?"

"எடுத்தாச்சு அத்தை" என்றாள் மருமகள். தரையில் உட்கார்ந்து, ஒரு மண் ஜாடியில் காய்ந்த கிளையைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"எடுத்தாச்சுன்னா? அன்னிக்குக் கண்ணாடி அலமாரி. போன வாரம் சாப்பாட்டு மேசை. இப்போ சோபா. இது வீடா, இல்ல காலி பண்ணிட்டுப் போன கல்யாண மண்டபமா?"

"தாவோ அத்தை. பழைய சீனத் தத்துவம். தாவோன்னா வழின்னு அர்த்தம். வீடு இயற்கை மாதிரி எளிமையா இருக்கணும். காத்து ஓடணும், வெளிச்சம் ஓடணும், மனசு தண்ணி மாதிரி ஓடணும்."

"மனசு ஓடுதோ இல்லையோ, சாமானெல்லாம் நல்லாவே ஓடுது!"

மருமகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மாமியாருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் மகன் வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"டேய், உன் பெண்டாட்டி தாவு தாவுன்னு சொல்லி வீட்டையே துடைச்சு வச்சிருக்கா. நீ வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கே?"

"நல்லாத்தானேம்மா இருக்கு. ஹால் பெருசாத் தெரியுது."

"மைதானம்கூடத்தான் பெருசாத் தெரியும். அங்க போய்க் குடியிருப்போமா?"

அவன் பாயில் சப்பணம் போட்டு உட்கார்ந்து செல்போனைத் திறந்துகொண்டான். ஹாலில் மிச்சம் அந்தப் பாய், ஒரு தட்டு நிறையக் கூழாங்கல், மூங்கில் திரை, மாமியாரின் முழங்காலுக்கு இரக்கப்பட்டு விட்டுவைத்த ஒரு பிரம்பு நாற்காலி. அவ்வளவுதான்.

சோபா அவள் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

மறுநாள் காலை டேபிள் ஃபேனும் வண்டியேறியது.

"ஜன்னல் இருக்கே அத்தை. இயற்கைக் காத்து வரட்டும்."

மாமியாருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. இரண்டு புடவையைப் பைக்குள் திணித்தாள்.

"அடுத்து நானும் இந்த வீட்டுக்கு அதிகம்னு தோணும். அதுக்குள்ள நானே கிளம்பறேன். என் பொண்ணு வீட்டுக்குப் போறேன்."

மருமகள் முகம் மாறிவிட்டது. "அங்க இப்போ வேண்டாமே அத்தை! வீட்டை ஒழுங்கு பண்ணிட்டுக் கூப்பிடறேன்னு அவளே சொல்லியிருக்காளே."

"என் பொண்ணைப் பார்க்க உன் தாவோகிட்ட அனுமதி வாங்கணுமா?"

மகள் புருஷனை விட்டு இரண்டு பெட்டியோடு வெளியே வந்து மூன்று மாதம் ஆகிறது. ஓரறை வீடு பிடித்து, துணி தைத்துப் பிழைக்கிறாள். ரோஷக்காரி. அண்ணன் உதவி என்று எதை நீட்டினாலும், "யார் தயவும் எனக்கு வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

பஸ்ஸில் வழியெல்லாம் மருமகளைத் திட்டிக்கொண்டே போனவள், மகள் கதவைத் திறந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

சுவரோரம் சோபா. மேசைமேல் வெட்டியும் வெட்டாமலும் துணிகள். கண்ணாடி அலமாரி நிறைய நூல்கண்டுகள். பக்கத்தில் டேபிள் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னம்மா அப்படிப் பார்க்கறே? நம்ம வீட்டுச் சாமான்தான்." மகள் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணிக்கு என்னமோ கிறுக்குப் பிடிச்சிருக்கும்மா. எல்லாத்தையும் குப்பையில போடப் போறேன்னு போன் பண்ணினாங்க. எனக்கு மனசு கேக்கல. 'உங்களுக்குப் புத்தி தெளியற வரைக்கும் நான் வச்சிருக்கேன்'னு சொல்லிட்டேன். அவங்களுக்காகத்தான் இந்த இட நெருக்கடியைப் பொறுத்துக்கறேன், பாவம்."

மாமியார் மெதுவாகச் சோபாவில் உட்கார்ந்தாள். அதன் கைப்பிடியைத் தடவிக்கொடுத்தாள்.

"ஆமாண்டி" என்றாள். "அவளுக்குக் கொஞ்சம் கிறுக்குதான்."

மகள் தண்ணீர் கொண்டுவர வெளியே குழாயடிக்குப் போனாள். மூலையில் சுருட்டி வைத்திருந்த படுக்கை அப்போதுதான் மாமியார் கண்ணில் பட்டது. உடனே வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அத்தை..." மருமகளின் குரல் நடுங்கியது. "ரொம்பக் கோபமா இருக்கீங்களா?"

"இருக்காதா பின்னே?" மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சீறினாள். "என் ரூம்ல காத்தை மறைச்சுக்கிட்டு அவ்வளவு பெரிய கட்டில் நிக்குதே, அது மட்டும் உன் தாவோ கண்ணுக்குத் தெரியலையா?"