ஈரா வீட்டுக்கு வந்துட்டாளா?

மூன்றாண்டுகளில் படியேறி வந்த முதல் புதியவருக்கு வயது ஐம்பத்தெட்டு இருக்கும்.

பெயர் அங்கம்மாள். மார்க்கெட்டில் மீன் விற்று முடித்துவிட்டு நேராக வந்திருந்தார்.

புதுச்சேரி சாரத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த அந்த ஒற்றை அறைக்கு 'தொலைமண்டலம் புதியவர் வழிகாட்டி மன்றம்' என்று பெயர். தலைவர் தட்சிணாமூர்த்தி, செயலாளர் கோபிநாத். உறுப்பினர் என்று யாரும் கிடையாது.

தொலைமண்டலம் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. விண்வெளியில் நடக்கும் ஒரே கதை, பத்தொன்பது விளையாட்டுகளாகவும் நாற்பத்தொரு நாவல்களாகவும் பெருகிக் கிடந்தது. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மிரளுகிறவர்களுக்கு வழிகாட்டத்தான் மன்றம். மன்றம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாதது வேறு விஷயம்.

தலைவர் எழுந்தார். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்ததால் வீட்டில் மிஞ்சிய ஒரே பிரெஞ்சுச் சொல்லால் வரவேற்றார்.

"பியான்வெனு! மாண்புமிகு புதியவர் அவர்களே..."

பெரிய மனிதர் யாரோ பின்னால் வருகிறார் போல என்று அங்கம்மாள் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

"தம்பி, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். கப்பல்ல போச்சே, ஈரான்னு ஒரு பொண்ணு. அது வூட்டுக்கு வந்துடுச்சா, இல்லியா?"

செயலாளர் கையிலிருந்த மார்க்கர் கீழே விழுந்தது.

"அம்மா! அது ஸ்பாய்லர்!"

"பாய்லர்லாம் ஆஸ்பத்திரிலயே இருக்குதுப்பா. சுடுதண்ணி நல்லாத்தான் வருது."

முடிவை முன்கூட்டியே சொல்வதற்குத்தான் அப்படிப் பெயர், மன்றத்தின் விதி நான்கின்படி அது குற்றம் என்று செயலாளர் விளக்கினார்.

அங்கம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தன் கதையைச் சொன்னார்.

மகன் பைக்கிலிருந்து விழுந்து ஏழு வாரம் ஆகிறது. கோரிமேட்டில், பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். தலையில் அடி. நினைவில் சில வருடங்கள் அப்படியே அழிந்துவிட்டன. கதையில் வரும் அந்தப் பெண்ணின் நினைப்பு மட்டும் போகவில்லை. கண் விழித்தால் அதைத்தான் கேட்கிறான்.

"நாளைக்குக் காலைல மறுபடியும் மண்டையத் தொறக்கறாங்க. எழுந்துப்பான்னு டாக்டரம்மா வாயால வரல. அதுக்குள்ள கேட்டுட்டு வாம்மான்னு அனுப்பி வச்சிருக்கான். போன்ல பார்த்தா ஆளுக்கு ஒண்ணு சொல்றானுங்க. வந்துடுச்சுன்னு ஒருத்தன், செத்துடுச்சுன்னு ஒருத்தன். அஞ்சு மணிக்கு வார்டுல உள்ள விடுவாங்க."

அப்போது மணி மூன்றரை.

"அப்படியென்றால் உடனே தொடங்கிவிட வேண்டியதுதான்," என்று தலைவர் வெள்ளைப் பலகையை இழுத்தார். "விளையாட்டுகள் வெளிவந்த வரிசைப்படி..."

"கதை நடந்த வரிசைப்படி," என்றார் செயலாளர்.

மன்றம் இரண்டாக உடைந்தது. ஆளுக்கொரு அணி, அணிக்கொரு ஆள். பன்னிரண்டாவது விளையாட்டு முதல் விளையாட்டுக்கு நானூறு வருடம் முன்னால் நடப்பதால் அதை எங்கே வைப்பது என்பதில் தலைவர் ராஜினாமா செய்வதாக அறிவித்தார். ஏற்க ஆளில்லாததால் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

"எல்லாத்தையும் ஆடி முடிக்க எத்தினி நாளாவும்?" என்று அங்கம்மாள் கேட்டார்.

"மும்முரமாக ஆடினால் பதினான்கு மாதம்."

மணி நாலேகால்.

"கடலுக்குப் போனவங்க வந்துட்டாங்களான்னு கேட்டா, எங்க ஊர்ல யாரும் வரிசை பார்த்துச் சொல்ல மாட்டாங்க தம்பி," என்றார் அங்கம்மாள். கோபமாகச் சொல்லவில்லை.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். விதி நான்கை அரை மணி நேரத்துக்கு நிறுத்திவைக்கும் தீர்மானத்தை அவரே முன்மொழிந்தார். செயலாளர் வழிமொழிந்தார். கதவைக்கூடச் சாத்தினார்கள்.

பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்களே சொல்லுங்க தலைவரே."

"செயலாளர் சொல்வதுதான் முறை."

கதையின் உண்மையான முடிவு, பத்தொன்பதையும் விடாமல் ஆடி முடித்தவருக்கு மட்டுமே திரையில் திறக்கும். தலைவர் இரண்டாவதில் நின்றுபோனவர். செயலாளர் ஆறு வரை போயிருந்தார்.

"நம்ம புத்தகத்துல இருக்குமே," என்றார் செயலாளர்.

மேசையில் இருந்தது, இருநூற்றுப் பன்னிரண்டு பக்க வழிகாட்டி. ஆக்கம்: தட்சிணாமூர்த்தி. "அது எதற்கு இப்போது," என்று தலைவர் கை வைப்பதற்குள் செயலாளர் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

உரக்கப் படித்தார். "முடிவை இங்கே எழுதப் போவதில்லை. நான் பத்தொன்பதையும் ஆடி முடித்துவிட்டேன். ஈரா வீட்டுக்கு வந்தாளா என்று உங்களால் பொறுக்கவே முடியாவிட்டால் எனக்கு போன் பண்ணுங்கள். எந்த நேரமானாலும் சொல்கிறேன்."

கீழே ஒரு எண் இருந்தது. அது தலைவருடையது அல்ல.

மின்னஞ்சலில் எவனோ அனுப்பிய வழிகாட்டி அது. அட்டையில் பெயரை மாற்றிய தலைவர், கடைசிப் பக்கம் வரை படித்திருக்கவில்லை.

தலைவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று செயலாளர் அந்த எண்ணைத் தட்டினார். "கவலைப்படாதீங்கம்மா, ஒரே நிமிஷம்."

அங்கம்மாள் கும்பிட்டார்.

ஒரு முறை மணி அடித்தது. அவருடைய மடியில்.

"எம் புள்ள போனு. எங்கிட்டதான் இருக்குது," என்று மன்னிப்புக் கேட்பவர் போலச் சொல்லி, மரியாதைக்கு ஜன்னல் பக்கம் திரும்பி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினார். அவர் குரல் செயலாளருக்கு எதிரிலிருந்தும் கேட்டது, காதுக்குள்ளும் கேட்டது.

"முகிலனுக்கு முடியலப்பா. கதை கேக்கத்தான பண்றீங்க? இங்க பெரியவங்க ரெண்டு பேரு சொல்றேன்னு இருக்காங்க. கேட்டுட்டு நானே பண்றேன், வச்சிடு."